625 கோடுகளும் 25 படங்களும்

1963-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் மாலை சிங்கப்பூரில் தொலைக்காட்சி முதன்முதலாக ஒளியேறியது. யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்தவரும் அந்நாளில் கலாசார அமைச்சராக விளங்கியவருமான எஸ். ராஜரத்தினம் அதனைத் தொடங்கிவைத்தார். அழைக்கப்பட்டோர் விக்டோரியா நினைவு மண்டபத்தில் அமர்ந்து கண்டனர். வீட்டில் பெட்டி வாங்க வசதியற்றோர் சமூக நிலையங்களில் கூடிக் கண்டனர். ஏப்ரல் 2-ஆம் நாள் முறையான ஒளிபரப்புத் தொடங்கியது. அவ்வாண்டு முடிவதற்குள் சீனமும் தமிழும் 8-ஆம் ஒளிவழியைத் தமக்குரிய இடமாகப் பெற்றன. இவை பலரும் அறிந்த செய்திகள். அன்று திரையில் தெரிந்த படம் எத்தனை கோடுகளால் ஆனது, நொடிக்கு எத்தனை முறை மாறியது என்பதைக் கருதியோர் சிலரே. ஆயினும், தமிழ் எழுத்து அத்திரையில் எவ்வாறு தெரியவேண்டும் என்பது அந்த எண்களிலேயே முடிவாகியிருந்தது.

தொலைக்காட்சிப் படம் என்பது மேலிருந்து கீழாக அடுக்கப்பட்ட கிடைக்கோடுகளின் தொகுதியாகும். கோடுகள் மிகுந்தால் உருவம் நுண்மை பெறும். நொடிக்கு வரும் படங்கள் மிகுந்தால் அசைவு இயல்பாகும். இரண்டையும் ஒருங்கே மிகுவிக்க வானலை இடந்தருவதில்லை. ஒவ்வோர் ஒளிவழிக்கும் ஒதுக்கப்பட்ட இடம் அளவானது. ஒரு பானைச் சோற்றை இரு பிள்ளைகளுக்குப் பங்கிடும் தாயின் நிலையே பொறியியலாரின் நிலை. அமெரிக்கர் 1941-இல் 525 கோடு, 30 படம் எனப் பங்கிட்டனர். ஐரோப்பியர் பின்னர் 625 கோடு, 25 படம் எனப் பங்கிட்டனர். பெருக்கிப் பார்த்தால் முன்னது நொடிக்கு 15,750 கோடு. பின்னது 15,625 கோடு. பானை ஏறத்தாழ ஒன்றே. அகப்பை போன வழிதான் வேறு! இதனைக் கொண்டு அமெரிக்கர் அசைவை விரும்பினர், ஐரோப்பியர் நுண்மையை விரும்பினர் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. அமெரிக்க மின்னோட்டம் நொடிக்கு 60 சுற்று, ஐரோப்பிய மின்னோட்டம் 50 சுற்று. படங்களின் எண்ணிக்கை அவற்றின் பாதியாக அமைந்தது.

பிரிட்டன் 1936 முதல் 405 கோடுகளைக் கையாண்டு வந்தது. அதன் ஆட்சியிலிருந்த ஹாங்காங்கில் 1957-இல் கம்பிவழித் தொலைக்காட்சி தொடங்கியபோது அங்கும் 405 கோடுகளே சென்றன. சிங்கப்பூரோ தொடக்கத்திலேயே 625 கோடுகளை மேற்கொண்டது. பிரிட்டனில் 625 கோட்டு ஒளிபரப்பு முறையாகத் தொடங்கியது 1964 ஏப்ரலில்தான். ஆண்ட நாட்டினும் ஓராண்டு முந்திக்கொண்ட இச்செயலைச் சிங்கப்பூர் வரலாற்றாசிரியர்கள் இன்னும் சற்று அழுத்திச் சொல்லலாம்.

தமிழுக்கு இதனால் விளைந்த நன்மை யாது? 625 கோடுகளில் கண்ணுக்குப் புலப்படுவன 575, 405-இல் 377. திரையின் உயரத்தில் இருபதில் ஒரு பங்கு உயரமுள்ள எழுத்து, முதல் முறையில் ஏறத்தாழ 29 கோடுகளாலும் இரண்டாவதில் 19 கோடுகளாலும் வரையப்படும். ணகரத்தின் சுழிகளும் ‘கை’ என்பதன் முன்நிற்கும் வளைவும் 19 கோடுகளில் இடர்ப்படும். அன்றியும், முழுப்படம் ஒரே மூச்சில் வருவதில்லை. முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்து இரட்டைப்படைக் கோடுகள் என நொடிக்கு 50 அரைப்படங்களாக வரும். ஒரு கோட்டின் உயரமே உடைய சிறு குறி ஓர் அரைப்படத்தில் தோன்றி மற்றொன்றில் மறையும். நொடிக்கு 25 முறை துடிக்கும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு நேரக்கூடியது இதுவே. ஓலை கிழியுமென்று அஞ்சி ஏட்டில் புள்ளியிடாது விட்டனர் முன்னோர்; திரையில் புள்ளியிட்டாலும் அது நடுங்கிற்று. ஆதலின் செய்தித் தலைப்புக்கும் நாடகத்தின் பெயர்ப் பட்டியலுக்கும் எழுதுவோர் புள்ளியைக் குறைந்தது இரு கோடு உயரமாகத் தடித்து இடுதல் வேண்டும். எழுத்துகள் சற்றுப் பருத்துத் தோன்றினும் குற்றமில்லை.

படங்களின் எண்ணிக்கை வேறொரு விளைவையும் தந்தது. திரைப்படம் நொடிக்கு 24 படங்களாக ஓடுவது. 25 படத் தொலைக்காட்சியில் அதனை அப்படியே ஓட்டினால் 150 நிமிடத் தமிழ்ப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். பாடல்களின் சுருதி அரைச்சுரத்துக்குச் சற்றே குறைவாக ஏறி ஒலிக்கும். இசைத்தட்டில் கேட்டுப் பழகிய பாடல் வீட்டுத் திரையில் சற்று விறுவிறுப்பாக ஒலித்ததற்குப் பாடகர் பொறுப்பல்லர்.

1974 ஜூலை 7-ஆம் நாள் மேற்கு ஜெர்மனியும் நெதர்லாந்தும் மோதிய உலகக் கிண்ணக் கால்பந்து இறுதியாட்டம் சிங்கப்பூரில் வண்ணத்தில் நேரடியாக ஒளியேறியது. வண்ணம் புதிது, கோடும் படமும் பழைய அளவே. அதனால் கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் தொடர்ந்து பயன்பட்டன. இந்தியா, இலங்கை, மலேசியா ஆகிய நாடுகளும் 625 கோட்டையே கைக்கொண்டிருந்தமையால், சென்னையில் பதிந்த ஒளிநாடா சிராங்கூன் சாலை வீடுகளிலும் கொழும்பிலும் கோலாலம்பூரிலும் தடையின்றி ஓடிற்று. அதனையே டொரன்டோவிலுள்ள உறவினருக்கு அனுப்பினால் அங்குள்ள 525 கோட்டுக் கருவி அதனை ஏற்காது. தமிழர் பரவிய உலகத்தை இரண்டாகப் பிரித்த கோடுகளுள் இவையும் சேரும்!

உயர் நுண்மைத் தொலைக்காட்சி வந்தபோது பழைய வழக்கு மீண்டும் எழுந்தது. 1920-க்கு 1080 புள்ளிகளை நொடிக்கு 50 அரைப்படமாக அனுப்பலாம். அன்றேல் 1280-க்கு 720 புள்ளிகளை 50 முழுப்படமாக அனுப்பலாம். முன்னதில் நொடிக்கு ஏறத்தாழ 5 கோடியே 18 இலட்சம் புள்ளிகள். பின்னதில் 4 கோடியே 61 இலட்சம். இம்முறையும் பானை பெரிதும் மாறவில்லை. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 2004-இல் 720 கோட்டு முழுப்படத்தைப் பரிந்துரைத்தது. அமெரிக்காவின் இ.எஸ்.பி.என். விளையாட்டு ஒளிவழியும் 720 கோட்டையே தேர்ந்தது. ஓடும் பந்தைக் காட்டுவோர்க்கு முழுப்படம் இன்றியமையாதது. சிங்கப்பூர் 1080 கோடுகளின் பக்கம் நின்றது. 2008 அக்டோபரில் தனி ஒளிவழியான வசந்தம், 2013 டிசம்பர் 16-இல் பிற ஒளிவழிகளுடன் மின்னிலக்க முறைக்கு வந்தது. 2019 ஜனவரித் தொடக்கத்தில் பழைய ஒளிபரப்பு நின்றபோது 625 கோடுகளும் விடைபெற்றன.

1963-இல் கோடுகளை மிகுவித்தது தக்க முடிவே. அன்று ஒவ்வொரு கோடும் எழுத்துக்கு உயிர். இன்றைய நிலை வேறு. வீவக வீட்டுக் கூடத்தில் 55 அங்குலப் பெட்டியை மூன்று மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பவரைக் கருதுக. திரையின் உயரம் ஏறத்தாழ 68 சென்டிமீட்டர். இயல்பான கண் அத்தொலைவில் ஏறத்தாழ 780 கோடுகள்வரையே பிரித்தறியும். 1080 கோடுகளிலேயே ஒரு பகுதி வீணாகும்போது, 2160 கோடு என்று கடைப்பலகையில் எழுதிய பெட்டியால் அவர் பெறும் நுண்மை எதுவுமில்லை. அசைவோ தொலைவால் அவ்வாறு தேய்வதில்லை. நாட்டியக் கலைஞரின் விரல் முத்திரை மாறும் விரைவும், தட்டும் பாதமும் 25 படங்களில் மங்கி, 50 முழுப்படங்களில் தெளியும். அவ்வேறுபாட்டை அறையின் மறுமூலையில் அமர்ந்திருப்பவரும் உணர்வர்.