அந்தியோக்கியாவில் ஒரு பந்தி

திருத்தூதர் பணிகள் நூலில் நாம் வாசிக்கும் அந்தியோக்கியா, இன்று துருக்கி நாட்டில் அந்தாக்கியா என்ற பெயரில் உள்ளது. 2023 பிப்ரவரி 6 அன்று நிலநடுக்கத்தில் இடிந்த நகரங்களுள் அதுவும் ஒன்று.

கி.மு. 300-இல் செலூக்கஸ் மன்னன் நிறுவிய நகர் அது. கிரேக்கர், மாசிதோனியர், சிரியர், யூதர் எனப் பலர் குடியேறினர். உரோமைப் பேரரசில் அது மூன்றாவது பெருநகர். ஊரைச் சுற்றி ஒரு மதில் இருந்தது. உள்ளே நான்கு பகுதிகளுக்கும் தனித்தனி மதில்கள் என்று ஸ்திராபோ எழுதுகிறார்.

அங்கிருந்த திருச்சபையின் முன்னோடிகளைப் பாருங்கள்: சைப்பிரசுத் தீவினர் பர்னபா, ‘கறுப்பர்’ என்று பொருள்படும் நீகர் என அழைக்கப்பட்ட சிமியோன், வட ஆப்பிரிக்கச் சிரேன் ஊரார் லூக்கியு, ஏரோதோடு வளர்ந்த மனாயீன், தர்சு நகரத்துச் சவுல். இக்கூட்டத்தை யூதர் என்றும் சொல்ல முடியாது, கிரேக்கர் என்றும் சொல்ல முடியாது. ‘கிறிஸ்தவர்கள்’ என்ற புதுப்பெயர் அங்கேதான் பிறந்தது.

சோதனை சாப்பாட்டில் வந்தது. பிற இனத்தாரோடு உண்டுவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகினார். பர்னபாவும் விலகினார், அதுதான் நமக்கு அதிகம் வலிக்கிறது. தனிப்பந்தி என்றால் என்னவென்று நம் ஊர்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். பேதுரு என்ன மறுமொழி சொன்னார் என்று கலாத்தியர் திருமுகத்தில் இல்லை. ஆனால் அந்தியோக்கியத் திருச்சபை, அந்தப் பேதுருவையே தன் முதல் ஆயராக இன்றும் போற்றுகிறது.