கோதாவின் வீரனும் ஏட்டின் அந்நியனும்

ஆண்டுதோறும் ஜனவரி 4ஆம் நாளன்று, புத்தாண்டு விடுமுறையின் களிப்பு அடங்குமுன்னர், தோக்கியோ நகரின் ‘டோம்’ எனப்படும் கூரையிட்ட பேரரங்கில் மக்கள் பல்லாயிரக்கணக்கில் திரளுகின்றனர். பேஸ்போல் ஆட்டத்துக்கென 1988இல் திறக்கப்பட்ட அவ்வரங்கின் நடுவே, கயிறு சூழ்ந்த சதுரக் கோதா ஒன்று அன்று எழுகிறது. மல்லர்கள் ஒளி வெள்ளத்தில் ஒருவர்பின் ஒருவராக வந்து மோதுகின்றனர். யப்பானின் தொழின்முறை மல்யுத்தத்தில் இதுவே ஆண்டின் தலைமை விழா. 1992இல் தொடங்கிய இவ்விழா, 2007 முதல் ‘றெஸில் கிங்டம்’, அதாவது மல்யுத்த இராச்சியம், என்னும் பெயரைத் தாங்கி வருகிறது.

வெற்றி தோல்வி முன்கூட்டியே வகுக்கப்பட்ட ஒரு காட்சிக்கு வரலாறு எதற்கு என்று ஆசிரிய நண்பர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயின், கோதாவில் யார் வென்றார் என்பதை விட்டு, கோதாவில் ஏறியவர் யார், எங்கிருந்து வந்தவர், அவரை நாட்டின் ஏடு எவ்வாறு குறித்திருந்தது என்று கேட்டுப் பார்ப்போமாயின், பொய்ச் சண்டையின் அடியில் ஒரு மெய் வரலாறு கிடப்பது தெரியவரும். அரநாயக்கவின் மலைச்சரிவுகளில் இறப்பரும் தேயிலையும் சார்ந்து வாழ்வோருக்கு அவ்வரலாறு அந்நியமானதன்று.

1992 ஜனவரி 4ஆம் நாளின் முதல் விழாவிலேயே தொடங்குவோம். அன்றைய இறுதிப் போட்டியில் புஜினாமி தத்சுமியை வென்று பட்டம் சூடியவர் சோஷு ரிக்கி. அவர் யப்பானின் யமகுச்சி மாவட்டத்தில் பிறந்தவர். அங்கேயே வளர்ந்து, அங்கேயே மல்யுத்தம் பயின்றவர். எனினும் 1972இல் மியூனிச் ஒலிம்பிக்கில் அவர் யப்பானுக்காகக் களமிறங்கவில்லை. தென் கொரியாவுக்காகவே இறங்கினார். குவாக் குவாங்-உங் என்பதே அங்கு அவர் பெயர். காரணம் வேறொன்றுமில்லை. அவர் யப்பானில் வாழ்ந்த கொரியக் குடும்பத்தின் பிள்ளை; யப்பானியக் குடியுரிமை அவருக்கு இருக்கவில்லை. பிறந்த மண்ணின் கொடியைப் பிடிக்க முடியாத ஒருவரே, இருபது ஆண்டுகளின் பின் அம்மண்ணின் மாபெரும் மல்யுத்த விழாவை முதன்முதலில் வென்று நின்றார்.

இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று? 1910 முதல் 1945 வரை கொரியா யப்பானிய ஏகாதிபத்தியத்தின் பிடியில் இருந்தது. அக்காலத்தில் கொரியர் யாவரும் பேரரசின் குடிகள் என்று சொல்லப்பட்டு, சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் கொண்டுவரப்பட்டனர். யுத்தத்தில் யப்பான் தோற்றது. 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் சமாதான மாநாடு கூடியது. அங்கே இலங்கையின் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன, பகைமை பகைமையால் தணியாது என்னும் புத்தர் வாக்கை எடுத்தோதி, யப்பானுக்குச் சுதந்திரம் வேண்டும் என்றார். இழப்பீடு கேட்பதையும் கைவிடுவதாக அறிவித்தார். யப்பானியர் இன்றுவரை அதனை நன்றியுடன் நினைவுகூர்கின்றனர்.

ஆனால் அவ்வொப்பந்தத்தின் மறுபக்கத்தை மேடைப் பேச்சாளர்கள் சொல்வதில்லை. ஒப்பந்தம் 1952 ஏப்ரல் 28ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதனைக் காரணமாகக் கொண்டு, யப்பானிய அரசு ஒரு சுற்றறிக்கையின் மூலம், தன் நாட்டில் வாழ்ந்த 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட கொரியரை ஒரே நாளில் அந்நியராக்கியது. அவர்கள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. உழைப்புக்காகத் தேவைப்பட்டவர்கள், உரிமை கேட்கும் காலம் வந்தபோது தேவையற்றவர்களாயினர்.

இந்தக் கதை நமக்குப் புதியதா? அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால், இலங்கைத் தோட்டங்களில் உழைத்த ஏறத்தாழ 7 இலட்சம் தமிழர் நாடற்றவராக்கப்பட்டனர். சான் பிரான்சிஸ்கோவில் கருணை மொழிந்த அமைச்சர், அச்சட்டத்தை நிறைவேற்றிய அமைச்சரவையிலும் இருந்தவரே. பகைவனாயிருந்த தேசத்துக்கு நீட்டிய கருணை, தன் நாட்டின் லயத்துக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

இனி, யப்பானிய மல்யுத்தத்தின் தந்தை எனப் போற்றப்படும் ரிக்கிடோசானைப் பார்ப்போம். அவருடைய இயற்பெயர் கிம் சின்-ராக். இன்றைய வட கொரியாவைச் சேர்ந்த தென் ஹம்கியோங் மாகாணத்தில் 1924இல் பிறந்தவர். இளைஞனாக யப்பானுக்குக் கொண்டுவரப்பட்டு, சூமோ மல்யுத்தத்தில் மூன்றாவது உயர்நிலைவரை ஏறி, 1950இல் அதனைத் துறந்தார். மொமோத்தா மிட்சுகிரோ என்ற யப்பானியப் பெயருடன் குடும்பப் பதிவேட்டில் இடம்பெற்று, நாகசாக்கிப் பகுதியில் பிறந்தவராகவே உலகுக்கு அறிமுகமானார். அவருடைய கொரியப் பிறப்பு, அவர் இறந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே பரவலாகப் பேசப்பட்டது.

1954 பெப்ரவரி 19ஆம் நாள் தோக்கியோவின் குராமே அரங்கில் அவரும் யூடோ வீரர் கிமுராவும் இணைந்து, ஷார்ப் சகோதரர் என்னும் இரு வெள்ளை மல்லரை எதிர்கொண்டனர். அணுகுண்டுக்கும் ஏழாண்டு அமெரிக்க ஆக்கிரமிப்புக்கும் தலைகுனிந்திருந்த மக்கள் கூட்டம், ரிக்கிடோசானின் திறந்த கையடி வெள்ளை மல்லரின் மார்பில் விழுந்ததைக் கண்டு குமுறி எழுந்தது. அக்காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கும் வசதி சாதாரணக் குடும்பத்துக்கு இல்லை. நிலைய முற்றங்களிலும் சந்திகளிலும் வைக்கப்பட்ட பெட்டிகளின் முன் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்று பார்த்தனர்.

அங்கே நடந்ததைச் சற்று ஆராய்வோம். அமெரிக்கர் என்று காட்டப்பட்ட ஷார்ப் சகோதரர் உண்மையில் கனடா நாட்டவர். யப்பானின் மானத்தைக் காத்தவராகக் காட்டப்பட்டவர் உண்மையில் கொரியர். ஏகாதிபத்தியத்துக்கு எதிரான கோபம் மெய். அக்கோபத்துக்குக் கொடுக்கப்பட்ட உருவங்கள் பொய். அப்பொய்யால் யாருக்கு இலாபம்? தெருவில் பெட்டிகளை வைத்தவர், நிப்பொன் தொலைக்காட்சியையும் யோமியூரி பத்திரிகையையும் ஆண்ட ஷோரிக்கி மட்சுதாரோ. யுத்தக் குற்றச் சந்தேகத்தில் சிறை வைக்கப்பட்டு, விசாரணையின்றி 1947இல் விடுதலையானவர் அவர். பின்னர் மிட்சுபிஷி நிறுவனம் ஒளிபரப்பின் புரவலராயிற்று. ஒரு சண்டைக்கும் மறு சண்டைக்கும் இடையே, அந்நிறுவனத்தின் மின்சாரத் துப்புரவுக் கருவியைக் கொண்டு கோதாவைச் சுத்தம் செய்து காட்டினர். தேசத்தின் அவமானம் விற்பனைப் பொருளாயிற்று. அதன் இடைவேளையில் வீட்டுப் பொருள்களும் விற்பனையாயின.

இத்தொழிலின் வலை ஆசியா முழுவதும் விரிந்திருந்தது. நம் மூத்தோர் வாயில் ‘கிங்காங்–தாராசிங்’ என்று பழமொழி போல் வழங்கிய பெயர்களும் அவ்வலையைச் சேர்ந்தவையே. சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டிருந்த ஹங்கேரியர் எமில் சாஜாவே கிங்காங். 1955 நவம்பரில் அவரும் இந்தியரான டைகர் ஜோகிந்தர் சிங்கும் யப்பான் சென்று, ரிக்கிடோசானுடன் ஆசியப் பட்டங்களுக்காக மோதினர். தாரா சிங்கோ பஞ்சாபிக் கிராமத்து உழவர் மகன்; சிங்கப்பூருக்குப் பிழைக்கச் சென்று, தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே மல்யுத்தம் பயின்றவர். கூலிக்காகக் கடல் கடந்தவர்களே பெரும்பாலும் இக்கோதாக்களை நிரப்பினர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவ்வகையில் நம் நெஞ்சைத் தொடுவது, 1960 செப்டெம்பர் 30ஆம் நாள் தோக்கியோவில் நடந்த ஒரு சிறு போட்டி. அன்று அறிமுகமான 17 வயது இளைஞர் இனோக்கி; எதிர்த்து நின்றவர் ஓக்கி கிந்தாரோ. இருவரும் ரிக்கிடோசானின் மாணவர்.

இனோக்கி எங்கிருந்து வந்தார்? பிரேசிலின் கோப்பித் தோட்டத்திலிருந்து. அந்நாட்டில் 1888இல் அடிமைமுறை ஒழிந்தபின், கோப்பி முதலாளிகள் புதிய உழைப்பாளரைத் தேடினர். 1908இல் ‘கசாத்தோ மாரு’ என்னும் கப்பல் 781 யப்பானியரைச் சாந்தோஸ் துறைமுகத்தில் இறக்கியது. அந்த ஆள்சேர்ப்பு யுத்தத்தின் பின்னும் தொடர்ந்தது. 1957இல், வறுமையுற்ற இனோக்கியின் குடும்பமும் கப்பலேறியது. வழியிலேயே பாட்டனார் இறந்தார். பதினான்கு வயதுச் சிறுவன் ஒப்பந்தக் கூலியாகக் கோப்பி பறித்தான். பிரேசில் சென்ற ரிக்கிடோசான் 1960இல் அவனைக் கண்டு அழைத்து வந்தார். கோப்பிக்காக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியில் மாண்டவர் போக எஞ்சியோர் மலையேறிய கதையைப் பாட்டிமாரிடம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இலங்கைக் கோப்பியை 1869இல் தொடங்கிய இலைநோய் அழித்தது. தேயிலையும் இறப்பரும் அதன் இடத்தைப் பிடித்தன. பயிர் மாறியது, பிரட்டுக்களம் மாறவில்லை.

ஓக்கி கிந்தாரோ யார்? அவர் கிம் இல் என்னும் கொரியர். 1950களின் இறுதியில் முறையான ஆவணமின்றிப் படகேறி யப்பானை அடைந்து, பிடிபட்டு, ரிக்கிடோசானின் முயற்சியால் மீண்டவர். நம் நாட்டில் அத்தகையோருக்கு என்ன பெயர் இட்டார்கள் என்பதை நினைவுபடுத்த வேண்டியதில்லை. பிறந்து வளர்ந்தவர்களையே ‘கள்ளத்தோணி’ என்று ஏசிய நாடு இது. அன்று அக்கோதாவில் கள்ளத்தோணி வென்றார். தோட்டத்துக் கூலி தோற்றார். பார்த்திருந்த கூட்டத்துக்கு இதெல்லாம் தெரியாது. யப்பானிய வீரர் இருவரைக் கண்டதாகவே அது கைதட்டிற்று.

1963 டிசெம்பர் 8ஆம் நாள் தோக்கியோவின் இரவு விடுதியொன்றில் ரிக்கிடோசான் கத்தியால் குத்தப்பட்டார். ஒரு வாரத்தில், 39ஆம் வயதில், இறந்தார். குத்தியவன் பாதாளக் கும்பலைச் சேர்ந்தவன். ரிக்கிடோசான் வளர்த்த நிறுவனமும் பின்னர் பிளவுற்றது. 1972இல் இனோக்கி நிறுவிய ‘புதிய யப்பான்’ மல்யுத்தக் கம்பனியே, நாம் தொடக்கத்தில் கூறிய ஜனவரி 4ஆம் நாள் விழாவை நடத்தி வருகிறது. இவ்வாறு, ஒரு கொரிய மாணாக்கரைக் கண்டெடுத்த கொரிய ஆசான், ஒரு தோட்டக் கூலிச் சிறுவனை மல்லனாக்கினார். அச்சிறுவன் கட்டிய நிறுவனத்தின் பெருவிழாவில் இன்னொரு கொரியர் மகன் முதல் வெற்றியைப் பெற்றார். இதுவே அவ்விழாவின் வம்சாவளி.

எல்லாம் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டதுதானே என்று முகம் சுளிப்போருக்கு ஒன்று சொல்லலாம். மாசி மாதத்தில் நம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கிறது. காமன் எரிவான் என்பதும் ரதி புலம்புவாள் என்பதும் சிறு குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் மக்கள் இரவெல்லாம் விழித்திருக்கின்றனர். ரதியின் புலம்பலில் தம் வீட்டுத் துயரையும் சேர்த்து அழுகின்றனர். முடிவு தெரிந்த கதை பொய்யாகிவிடாது. அதில் மக்கள் எதனைத் தேடி வருகின்றனர் என்பதே கேள்வி. தோக்கியோவின் தெருமுனையில் நின்றவர்கள் தேடியது இழந்த மானம். அத்தேட்டத்தை நாம் ஏளனம் செய்வதற்கில்லை. ஆனால் காமன் கூத்தில், ஆடுபவன் யார் மகன், எந்த லயத்தான் என்பது அனைவருக்கும் தெரியும். குராமே அரங்கிலோ, ஆடியவனின் ஊரையும் பேரையும் மறைத்தால்தான் ஆட்டமே நடக்கும் என்ற நிலை இருந்தது. வேறுபாடு இங்கேதான்.

1995 ஏப்ரலில் இனோக்கி, தம் ஆசான் பிறந்த நாடான வட கொரியாவின் பியோங்யாங் நகரில் இரு நாள் மல்யுத்த விழா நடத்தினார். அதில் அரசியல் கணக்குகள் பல இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் யப்பானில் உரக்கச் சொல்ல முடியாதிருந்த பிறப்பு, அங்கே ஒரு பெரும் மைதானத்தில் வெளிப்படையாக நினைவுகூரப்பட்டது. இனோக்கி 2022இல் மறைந்தார்.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். சோஷு ரிக்கி தோக்கியோவில் பட்டம் சூடிய அதே 1992ஆம் ஆண்டின் ஓகஸ்டில், மலையகத் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த முத்தையா முரளிதரன் கொழும்பில் தம் முதல் டெஸ்ட் போட்டியை ஆடினார். 2010இல் 800 விக்கெட்டுகளுடன் அவர் விடைபெற்றபோது நாடே எழுந்து நின்றது. ஆயின் அவர் முதல் பந்தை எறிந்த நாளில், அவருடைய சமூகத்தில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இன்னும் நாடற்றவராகவே இருந்தனர். அந்நிலையை முடிவுக்குக் கொண்டுவர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது. கைதட்டல் அதற்கு வழி செய்யவில்லை. தலைமுறை தலைமுறையாக நடந்த போராட்டமே வழி செய்தது.

சப்பிரகமுவத் தோட்டங்களில் நம்மவர் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றனர். நுவரெலியாவைப் போல் வாக்குப் பலம் இங்கில்லை. லயத்தில் வாழ்வோரில் பெரும்பாலோருக்குக் காணி உறுதி இன்னும் கிட்டவில்லை. இந்நிலையில், நம் பிள்ளைகளுள் ஒருவன் ஓடியோ, பாடியோ, பந்தெறிந்தோ புகழ் பெற்றால், அதையே சமூகத்தின் விடுதலையாக எண்ணி மகிழும் மயக்கம் நமக்கும் உண்டு. மகிழ்ச்சி தவறன்று, மயக்கமே தவறு. ஒரு நாட்டின் நீதியை, தன் வீரனுக்கு அது எழுப்பும் ஆரவாரத்தைக் கொண்டு அளக்கக் கூடாது. வீரனாகாத அவன் தம்பியை, காலையில் பிரட்டுக்கு நிற்கும் அவன் தாயை, அந்நாடு தன் ஏட்டில் எவ்வாறு எழுதி வைத்திருக்கிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.