கல்லெழுத்தும் ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரியும்

தேவாரத்துக்காரனான எனக்கு கல்லுன்னா துணி துவைக்கிறதுக்கும் வாசப்படிக்கும்தான். 2006-ல அந்த நினைப்பு மாறிச்சு. ஆண்டிபட்டி பக்கம் வைகைக்கரை ஊரான புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். ஒன்றில் 'ஆகோள்' என்ற சொல். மாடு கவர்தல்! தொல்காப்பிய வெட்சித்திணையில் வருகிற அதே சொல். கூடவே 'கூடல் ஊர்' என்றும் இருக்கிறது. நம்ம கூடலூர்தான்னு சொல்ல ஆசையா இருக்கு. ஆனா ஆசை வேற, ஆதாரம் வேற.

இந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஐராவதம் மகாதேவன் (1930-2018). நேர்ல இல்லீங்க, எழுத்து வழியா :-)

பேராசிரியர் இல்லை அவர். 1954-ல் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆனவர். குகைக் கல்வெட்டுகள் தமிழ்தான் என்று 1924-லேயே கே.வி.சுப்பிரமணிய அய்யர் காட்டிவிட்டார். ஆனாலும் சிக்கல் தீரவில்லை. தொடக்கத்தில் புள்ளி கிடையாது. 'க்' எது, 'க' எது என்று எழுத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. மகாதேவன் எழுத்துமுறையின் வளர்ச்சியைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். 1965-ல் புகளூர்க் கல்வெட்டில் மூன்று தலைமுறைச் சேரர்களை அடையாளம் கண்டார். பதிற்றுப்பத்து அரசர்களுக்குக் கல்லிலேயே சாட்சி!

1977-ல் சிந்து எழுத்துகளுக்கு ஒரு பெரிய தொகுப்பு. 1980-ல் விருப்ப ஓய்வு. 1987 முதல் 1991 வரை தினமணி ஆசிரியர். அதுக்கப்புறம் அறுபது வயசுல மறுபடி குகை குகையா ஏறிப் பழைய வாசிப்புகளைச் சரிபார்த்தார். தான் முன்பு படித்ததையும் திருத்தினார். அதன் பலன்தான் 2003-ல் வந்த 'எர்லி தமிழ் எபிகிராஃபி'. சிந்து எழுத்து விஷயத்திலும், அது திராவிட மொழிதான் என்று வாதாடினாரே தவிர, முழுசாப் படிச்சிட்டேன்னு மார்தட்டவில்லை. எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்சது இதுதான்.

நம்ம பெருமைக்காக ஒரு கல்லை நீட்டி முழக்குவது சுலபம். கல் சொன்னதை மட்டும் சொல்றதுதான் கஷ்டம். கம்பம் பள்ளத்தாக்கில் இன்னும் எத்தனை நடுகல் வாசப்படியாக் கிடக்கோ! அடுத்த தடவை ஊருக்குப் போனா, மிதிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் குனிஞ்சு பாருங்க மக்களே.