காடு எரித்தவர்கள் கட்டிய வீடு

நியூஜெர்சி மாநிலத்தின் கிப்ஸ்டவுனில் ஒரு சின்ன மரக்கட்டை வீடு இருக்கிறது. 16 அடிக்கு 22 அடி, ஒரே அறை, மூலையில் கணப்பு. பெயர் நாத்னேகல் வீடு. 1638க்கும் 1643க்கும் இடையில் கட்டியதாகச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் எஞ்சியுள்ள மிகப் பழைய கட்டை வீடுகளில் இதுவும் ஒன்று.

கட்டை வீடு என்றதும் அமெரிக்கர்களுக்கு லிங்கன் பிறந்த குடில் நினைவுக்கு வரும். 1840 அதிபர் தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசன் கட்டை வீட்டையே பிரசாரச் சின்னமாக்கி ஜெயித்தார். முதலில் வந்த ஆங்கிலேயரும் இப்படித்தான் வாழ்ந்தார்கள் என்று நாடே நம்பியது. உண்மை வேறு. 1607இல் ஜேம்ஸ்டவுனிலும் 1620இல் பிளிமத்திலும் இறங்கியவர்கள், தாய்நாட்டில் பழகியபடி மரச்சட்டம் நிறுத்தித்தான் வீடு கட்டினார்கள்.

அப்படியானால் யாருடைய கைவேலை இது? 1638இல் பீட்டர் மினுவிட் தலைமையில் இரண்டு கப்பல்கள் டெலவேர் ஆற்றுக்கு வந்தன. லெனாபி பழங்குடிகளின் மண்ணில் 'புதிய ஸ்வீடன்' உருவானது. ஸ்வீடன்காரர்களோடும் அவர்களுக்குப் பின்னும் வந்து குடியேறியவர்களில் பலர் ஃபின்லாந்து வம்சாவளியினர். காட்டை வெட்டி எரித்து, சாம்பலில் ரை தானியம் விதைப்பது அவர்களின் பிழைப்பு. தன் நாட்டின் ஆள் இல்லாத காடுகளைத் திருத்த ஸ்வீடன் அரசே அவர்களை ஒரு காலத்தில் ஊக்குவித்தது. இரும்பு உலைகளுக்கு மரக்கரி தேவைப்பட்டதும் அதே பிழைப்பு குற்றமாயிற்று. பிடிபட்டவர்களில் சிலரைக் கப்பலேற்றினார்கள். பெரிய அநியாயம்.

நாடு கடத்தப்பட்டவர்களோடு அவர்களின் கோடரியும் தொழிலும் வந்தன. முழுக் கட்டைகளைப் படுக்கையாக அடுக்கி, முனைகளில் காடி வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றை உட்கார வைப்பார்கள். கோத்த விரல்களைப்போல மூலைகள் இறுகிக்கொள்ளும். சுவருக்கு ஆணி வேண்டாம். இடுக்குகளைப் பாசியாலும் களிமண்ணாலும் அடைத்தால் குளிர் நுழையாது. இரும்பு அரிதாகவும் மரம் அபரிமிதமாகவும் இருந்த மண்ணில் இதைவிடப் பொருத்தமான கட்டுமானம் இல்லை.

1655இல் டச்சுத் தளபதி ஸ்டைவசன்ட் காலனியைக் கைப்பற்றினார். ஸ்வீடன் கொடி இறங்கியது, குடியேறிகள் நகரவில்லை. பின்னாளில் வந்த ஸ்காட்-ஐரிஷ் மக்களும் கட்டை வீட்டு முறையை மலைகளுக்கு அப்பால் கொண்டுபோனார்கள். 1776இல் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஜான் மோர்ட்டன், அந்த ஃபின்லாந்துக் குடியேறிகளில் ஒருவரின் கொள்ளுப்பேரன். அவர் குடும்பத்தின் கதை அடுத்த வாரம்.