ஏற்காடு சுற்றுச்சாலை

ஏற்காடு சுற்றுச்சாலை என்பது தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சேர்வராயன் மலையில் அமைந்துள்ள, சுமார் 32 கிமீ நீளமுடைய சாலை ஆகும். ஏற்காடு ஏரிப் பகுதியில் தொடங்கி, காபித் தோட்டங்களையும் மலைக்கிராமங்களையும் கடந்து மீண்டும் ஏரிக்கே வந்து சேர்வதால் இப்பெயர் பெற்றது. செங்குத்தான ஏற்றம் குறைவு என்பதால் நடப்பதற்கும் மிதிவண்டிக்கும் ஏற்ற வழியாகக் கருதப்படுகிறது. எனினும் இது தனி நடைபாதை அன்று. வண்டிகளும் செல்லும் சாலையே.

அமைவிடம்

சேலம் நகரிலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிமீ தொலைவில் உள்ளது. சேலத்திலிருந்து ஏறும் முதன்மைச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. குப்பனூர் வழியாக மற்றொரு மலைப்பாதையும் உண்டு. மேலே வந்தவுடன் ஏரியும், அதன் அருகே ஒண்டிக்கடை என்னும் சந்திப்பும் வருகின்றன. ஒண்டி என்றால் தனி. ஒண்டிக்கடை என்பது தனிக்கடை எனப் பொருள்படும். இன்று அங்கே கடைகளுக்குக் குறைவில்லை. மலையின் பல பகுதிகளுக்கும் செல்வோர் வழி கேட்கும் இடம் இதுவே.

மரங்கள்

சுற்றுச்சாலையில் நடப்பவர் கண்ணில் முதலில் படுவது, தூண்கள் போல நேராக உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்கள். பெயரில் ஓக் இருந்தாலும் இம்மரத்திற்கும் ஓக் குடும்பத்திற்கும் உறவு இல்லை. இது புரோட்டியேசியே குடும்பத்தைச் சேர்ந்த கிரெவில்லியா ரொபஸ்டா. கிழக்கு ஆசுத்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டது. இலையின் அடிப்பக்கம் வெள்ளி போல மின்னுவதால் சில்வர் என்ற பெயர் வந்தது. காற்று வீசும்போது தோட்டம் முழுவதும் நிறம் மாறுவது போலத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். கோடையில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறப் பூக்கள் சீப்புப் பற்கள் போல வரிசையாக மலரும்.

கலிபோர்னியாவின் ரெட்வுட் காடுகளைப் படங்களில் கண்டவர்கள், மூடுபனிக் காலையில் இச்சாலையை அவற்றோடு ஒப்பிடுவதில் வியப்பில்லை. ஆனால் ரெட்வுட் 100 மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. சில்வர் ஓக் அதில் மூன்றில் ஒரு பங்கை எட்டினாலே பெரிது. முக்கியமான வேறுபாடு உயரத்தில் இல்லை. அங்குள்ளது இயற்கைக் காடு; இங்குள்ளது பெரும்பாலும் மனிதர் நட்டு வளர்த்தது. சாலையோரப் பசுமையைக் கண்டு அடர்வனம் என்று எழுதும் வழக்கம் பயணக் குறிப்புகளில் உள்ளது. அது பொருந்தாது.

காபியும் நிழலும்

சேர்வராயன் மலையில் காபிப் பயிர் 1820களில், சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவரால் தொடங்கப்பட்டது. இங்கு முதன்மையாக விளையும் அராபிக்கா வகைக்கு நேரடி வெயில் ஆகாது. எனவே பழைய தோட்டங்களில் காட்டை முழுவதும் அழிக்காமல், அத்தி, பலா, நாவல் போன்ற மரங்களை நிழலுக்காக விட்டுவைத்தனர். பின்னர் சில்வர் ஓக் பரவியது. அது விரைவாக வளரும். அதன் மீது மிளகுக்கொடி நன்கு படரும். கிளைகளைக் கழித்து நிழலை வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். முதிர்ந்தபின் மரத்தை ஒட்டுப்பலகைக்கு விற்கலாம். தோட்டக்காரர் நோக்கில் இத்தேர்வு அறிவுடையதே. இழப்பு பறவைகளுக்குத்தான். ஓர் அத்தி மரம் பழுத்தால் குக்குறுவான்களும் செம்மீசைச் சின்னான்களும் அங்கே கூடும். சில்வர் ஓக்கில் பூக்காலத்துத் தேனைத் தவிர அவற்றுக்குத் தின்ன எதுவும் இல்லை. ஒரே சாலையில் இருவகைத் தோட்டங்களையும் அடுத்தடுத்துக் காணலாம். பறவையொலியைக் கொண்டே வேறுபாட்டை உணரலாம்.

கோடை மழை பெய்த ஒன்பது, பத்து நாட்களில் காபிச்செடிகள் வெண்ணிறமாகப் பூக்கும். மல்லிகையை ஒத்த மணம் சாலை வரை வரும். ஓரிரு நாட்களில் பூக்கள் வாடிவிடும் என்பதால், இதைக் காணத் திட்டமிட்டு வருவது கடினம்.

பழைய காட்டின் எச்சங்கள்

மலையில் முன்பிருந்த சோலைக்காடுகளின் நினைவை ஊர்ப்பெயர்கள் காத்துவருகின்றன. தலைச்சோலை என்றொரு ஊர் உள்ளது. கரடியூர் என்றும் ஒன்று உள்ளது. நார்ட்டன் பங்களா அருகிலுள்ள குகை கரடிக்குகை எனப்படுகிறது.

சேர்வராயன் கோயில் சுமார் 1,620 மீட்டர் உயரத்தில், தாழ்ந்த குறுகிய குகைக்குள் அமைந்துள்ளது. இம்மலையின் பழங்குடியினரான மலையாளிகள் மே மாதத்தில் இங்குத் திருவிழா நடத்துகின்றனர். (இவர்கள் கேரள மலையாளிகள் அல்லர், மலையை ஆள்பவர் என்ற பொருளில் தமிழ் பேசும் இம்மக்களுக்கு இப்பெயர் வழங்குகிறது.) மலையுச்சிப் பகுதியின் மண்ணில் பாக்சைட்டு உள்ளது. அது வெட்டியெடுக்கப்பட்டு மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பப்பட்டுவந்தது. அவ்வாலை 2008இல் உற்பத்தியை நிறுத்தியது.

இம்மலைக்கே உரிய தாவரங்களைக் காண விரும்புவோர் இந்தியத் தாவரவியல் மதிப்பீட்டு நிறுவனத்தின் தோட்டத்திற்குச் செல்லலாம். 1963இல் தொடங்கப்பட்ட இங்கு ஆர்க்கிடு வகைகள் பேணப்படுகின்றன. சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா செவராயென்சிசு என்னும் சிறுமரம் இம்மலைக்குரிய அரிய இனமாகும்.

நடப்போர் கவனத்திற்கு

மணிக்கு 4 கிமீ வேகத்தில் நடந்தாலும் முழுச்சுற்றுக்கு எட்டு மணி நேரம் வேண்டும். ஆகவே எளிய நடையை நாடுவோர் ஒரு பகுதியை மட்டும் நடந்து திரும்புவதே நல்லது. சாலையின் இருபுறமும் உள்ள தோட்டங்கள் பெரும்பாலும் தனியாருக்குரியவை. குறுக்குவழி என்று எண்ணி வேலியைத் தாண்டக்கூடாது. அறுவடைக் காலமான நவம்பர் முதல் சனவரி வரை, சாலையோரம் உலர்த்தியிருக்கும் பழங்களை மிதிக்காமல் செல்ல வேண்டும். காலையிலும் மாலையிலும் காட்டெருதுகள் குறுக்கிடக்கூடும். அவை தாமாக விலகிச் செல்லும்வரை தொலைவில் நிற்க வேண்டும். மூடுபனி இறங்கினால் எதிரே வரும் வண்டி தெரியாது. அப்போது சாலையின் வலப்புறமாக, வண்டிகளை எதிர்நோக்கி நடப்பது பாதுகாப்பானது.