வாசகி போன பிறகு

லண்டனில் ஹைட் பார்க் கேட் 22-ஆம் எண் வீட்டுப் பிள்ளைகள் 1891-ல் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். பேர் 'ஹைட் பார்க் கேட் நியூஸ்'. கையால் எழுதியது, வாரம் ஓர் இதழ். யார் வந்தார்கள், யார் போனார்கள், நடுவில் கொஞ்சம் கேலி. அதிகம் எழுதியவள் வர்ஜீனியா. பின்னாளில் வர்ஜீனியா வுல்ஃப் ஆனவள். இதழை அம்மாவின் சோபா பக்கத்தில் வைத்துவிட்டு, அம்மா என்ன சொல்லப்போகிறாரோ என்று அக்கா வனெசாவோடு படபடப்பாகக் காத்திருப்பாளாம்.

என்னைக் கேட்டால், அதற்கு ஒரே வாசகிதான். அந்த ஜூலியா ஸ்டீஃபன் 1895 மே 5 அன்று 49 வயதில் இறந்தார். பத்திரிகையும் நின்றுபோனது. வனெசாவுக்கு 15 வயது, அண்ணன் தோபிக்கு 14, வர்ஜீனியாவுக்கு 13, தம்பி ஏட்ரியனுக்கு 11.

அந்தக் காலை நடந்ததை வர்ஜீனியா ஐம்பது வயதுக்கு மேல்தான் விரிவாக எழுதினார். அம்மாவின் அறையிலிருந்து அப்பா தள்ளாடியபடி வெளியே வருகிறார். இவள் கைகளை நீட்டுகிறாள். அவர் விலக்கிக்கொண்டு போய்விடுகிறார். உள்ளே நர்ஸ் அழுகிறார். நடிப்பு என்று இவளுக்குத் தோன்றுகிறது, சிரிப்பு வருகிறது. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லையே என்று நினைத்துக்கொள்கிறாள்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நான் ப்ளஸ் டூ படிக்கும்போது அப்பா போனார். சாவு வீட்டில் தங்கச்சி காதில் ஏதோ சொன்னா, ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். பெரியம்மா முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "இனிமே நீதான் எல்லாம்" என்று எத்தனை பேர் சொன்னார்கள்! உனக்கு எப்படி இருக்கு என்று யாரும் கேட்கவில்லை. தங்கச்சியை நானும் கேட்கவில்லை.

ஸ்டீஃபன் வீட்டிலும் துக்கம் முழுக்க அப்பாவுடையதாகிப் போனது. லெஸ்லி ஸ்டீஃபன் பெரிய அறிஞர், ஆங்கிலேய வாழ்க்கை வரலாற்று அகராதியின் முதல் பதிப்பாசிரியர். மனைவி இறந்த சில வாரங்களில் பிள்ளைகளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதத் தொடங்கினார். அதில் பேசுவது கணவரின் இழப்பு. பிள்ளைகள் அதற்கு வைத்த பேர் 'கல்லறைப் புத்தகம்'. டீன் ஏஜ் குசும்பு என்று தள்ளிவிட முடியவில்லை. கறுப்பு உடை, கறுப்புக் கரை போட்ட கடிதத் தாள், மூடிய அறைகளில் விசும்பல். இப்படியே அழுதுகொண்டிருப்பது முட்டாள்தனம் என்று பள்ளிக்குத் திரும்பும் முன் தோபி சொன்னான். அப்போது வர்ஜீனியாவுக்கு அதிர்ச்சி. வயதான பிறகு, அவன் சொன்னது சரிதான் என்று எழுதினார். அவன் கிளம்பிப் போகலாம், அவனுக்கு ஹாஸ்டல் இருந்தது. பெண்பிள்ளைகள் எங்கே போவது? அந்தக் கோடையில் வர்ஜீனியா முதன்முறையாக மனம் சிதைந்து நோயில் விழுந்தாள்.

அம்மாவின் முதல் திருமணத்து மகள் ஸ்டெல்லா வீட்டைத் தாங்கினாள். 1897-ல் கல்யாணமான மூன்றே மாதத்தில் அவளும் இறந்தாள். பொறுப்பு 18 வயது வனெசாவிடம் வந்தது. வாராவாரம் வரவுசெலவு நோட்டைப் பார்த்து அப்பா புலம்புவார், கத்துவார். அவள் வாய் திறக்காமல் நிற்பாள். பக்கத்தில் தங்கை, உள்ளுக்குள் கொதித்தபடி. அக்காவும் தங்கையும் கூட்டாளிகள் ஆனது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

1904-ல் அப்பாவும் இறந்தார். நால்வரும் கார்டன் ஸ்கொயருக்குக் குடிபோனார்கள்.

அம்மா இருந்தவரை கோடைதோறும் கார்ன்வாலில், செயின்ட் ஐவ்ஸ் ஊரின் டாலண்ட் ஹவுஸுக்குப் போவார்கள். அவர் போனதும் அப்பா அந்த வீட்டை விட்டுவிட்டார். 1905 ஆகஸ்டில் நால்வரும் மறுபடி அந்த ஊருக்கு ரயிலேறினார்கள். போய்ச் சேர்ந்த இரவே, இருட்டில் பழக்கப்பட்ட பாதையில் மேடேறி அந்த வீட்டுக்குப் போனார்கள். வேலிச்செடிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. உள்ளே வேறு யாரோ குடியிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல், வந்த வழியே இறங்கினார்கள்.