சாப்பாடு முன்னால் இருக்கப் பட்டினி கிடக்கும் மீன்: ரீகல் ஏஞ்சலை வீட்டில் வளர்ப்பது

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கும் கடைகளில் கண்ணை முதலில் இழுப்பது ரீகல் ஏஞ்சல். செம்மஞ்சள் உடலில் கருங்கோட்டால் கரைகட்டிய வெள்ளையும் நீலமும் கலந்த பட்டைகள், வால் மஞ்சள். விஞ்ஞானப் பெயர் பைகோபிளைற்ஸ் டயகாந்தஸ். செங்கடலிலும் கிழக்கு ஆபிரிக்கக் கரையிலும் தொடங்கி பசுபிக் தீவுகள் வரை பவளப்பாறைகளில் வாழ்கிறது. இலங்கைப் பாறைகளிலும் உண்டு. முழு வளர்ச்சியில் 25 சென்ரிமீற்றர் வரை வரும். இந்து சமுத்திரத்து ரீகலின் நெஞ்சு மஞ்சளாகவும் பசுபிக் ரீகலின் நெஞ்சு நீலச் சாம்பலாகவும் இருக்கும். நன்னீர்த் தொட்டிகளில் நாம் காணும் முக்கோண வடிவ ஏஞ்சலுக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை. அது தென் அமெரிக்க ஆற்று மீன், போட்டதைத் தின்னும்.

ரீகல் போட்டதைத் தின்னாது. இதை வாங்கியவர்கள் சொல்லும் கதை அநேகமாக ஒன்றுதான்: கொண்டுவந்து விட்டோம், கல்லுக்குள் ஒளித்தது, ஒன்றும் தொடவில்லை, மூன்று நாலு கிழமையில் செத்துப்போனது. தண்ணீரில் பிழை இருக்காது. உடம்பில் புண்ணோ புள்ளியோ இருக்காது. செத்தது பட்டினியால்.

யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி ஒரு ரீகலை வாங்கிவந்து எட்டு நாளாக அதன் முன்னால் கதிரை போட்டு இருந்தார். 2009 இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர். இரவில் நித்திரை வராததால் தொட்டி வைத்திருக்கிறார். "சாப்பாட்டை முன்னால வைச்சும் ஒரு சீவன் சாகிறதைப் பார்க்கேலாது பிள்ளை, என்ன செய்யலாம் எண்டு விசாரிச்சுச் சொல்லு" என்றார். அவருக்காக விசாரிக்கத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை. ஒன்பதாம் நாள் கறிக்கு வாங்கிய மட்டியில் ஒன்றைத் திறந்து உள்ளே வைத்தபோது அந்த மீன் வெளியே வந்து கொத்தியது.

அது தற்செயல் அல்ல. கடலில் ரீகலின் உணவு பெரும்பாலும் கடற்பஞ்சுகளும், பாறையில் ஒட்டி வாழ்ந்து தொட்டால் தண்ணீர் பீச்சும் பை போன்ற உயிர்களுமே. இரண்டும் ஓடாதவை. ஆகவே இந்த மீன் இரையைத் துரத்திப் பழகவில்லை. நாள் முழுவதும் பாறையைச் சுற்றி வந்து, ஒட்டியிருப்பதைச் சிறு வாயால் கிள்ளித் தின்னும். மேலிருந்து மிதந்து வரும் குருணைத் தீனி அதற்குச் சாப்பாடாகத் தெரிவதில்லை. பசியில்லாமல் அல்ல, அது சாப்பாடு என்று தெரியாமல்தான் பட்டினி கிடக்கிறது. ஓட்டோடு திறந்து வைத்த மட்டி கல்லில் ஒட்டிய இரை போலத் தெரிவதால் அதைக் கொத்திப் பார்க்கிறது.

எனவே புதிதாக வந்த ரீகலுக்கு முதல் சாப்பாடு மட்டியாக இருக்கட்டும். சந்தை மட்டியைக் கழுவி, இரண்டு மூன்று நாள் உறையவைத்து எடுத்தால் ஒட்டுண்ணிப் பயம் குறையும். கழிவுநீர் கலக்கும் இடத்து மட்டி வேண்டாம். ஒன்றைத் திறந்து அரை ஓட்டுடன், மீன் ஒளித்திருக்கும் பொந்தின் வாசலில் வைத்துவிட்டு, தொட்டியின் விளக்கை மங்கலாக்கி விலகிப் போக வேண்டும். முன்னால் நின்று பார்த்தால் வராது. இரண்டு மணித்தியாலத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். மட்டி அழுகினால் முழுத் தொட்டியும் கெடும்.

கொத்தத் தொடங்கிய பிறகுதான் உண்மையான வேலை. வெறும் ஓட்டை எறிய வேண்டாம். அதற்குள் உறைந்த மைசிஸ் இறாலையோ, அரைத்த இறாலையும் கணவாயையுமோ அப்பி, அதே இடத்தில் வையுங்கள். மீனுக்கு ஓடு பழகிவிட்டது, உள்ளே இருப்பது மாறினாலும் கொத்தும். சில நாளில் ஓட்டைச் சுற்றி மிதக்கும் துண்டுகளையும் பிடிக்கும். அதன்பின் கடற்பஞ்சு சேர்த்துச் செய்யப்பட்ட ஏஞ்சல் மீன் தீனி, உலர்த்திய கடற்பாசி, கடைசியாகக் குருணை. இந்தப் படிகளைக் கடக்க ஒரு மாதம் எடுக்கலாம். அவசரப்பட்டு மட்டியை நிறுத்தக் கூடாது. அதேவேளை மட்டியோடு மட்டும் நிற்கவும் கூடாது. பச்சை மட்டி வகைகள் பலவற்றில் பி1 விற்றமினை அழிக்கும் நொதியம் உள்ளது. மாதக்கணக்காக அதையே தின்னும் மீன் வயிறு நிறைந்திருந்தும் நோயில் விழும். மாட்டு ஈரல், இறைச்சி என்று சிலர் கொடுக்கிறார்கள். நிலத்து விலங்கின் கொழுப்பு கடல் மீனுக்குச் சமிக்காது.

ஒரே நேரத்தில் நிறையப் போடுவதிலும் பயனில்லை. நாளுக்கு மூன்று தொடக்கம் ஐந்து தரம், சிறிது சிறிதாக. காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்பும் வீட்டில், பகலில் தீனி போட ஒருவர் இல்லையென்றால் இந்த மீனை வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். மெலிவு முதலில் தெரிவது தலைக்குப் பின்னால், முதுகின் மேற்புறத்தில். அந்த இடம் குழி விழுந்தாற்போல் இருக்கும். பின்னர் வயிறு உள்வாங்கும். அந்த நிலைக்கு வந்த மீன் தேறுவது அருமை.

இதே அடையாளத்தைக் கடையிலேயே பார்க்கலாம். "எனக்கு முன்னால் சாப்பாடு போட்டுக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். ஏழு தொடக்கம் 12 சென்ரிமீற்றர் அளவுள்ள மீன் புதிய சாப்பாட்டுக்கு இலகுவாகப் பழகும். பெரியவை பழகுவது குறைவு. மஞ்சள் நெஞ்சுள்ளவை பசுபிக்கிலிருந்து வருபவற்றை விடச் சாப்பிடப் பழகுகின்றன என்பது வளர்ப்போரின் அனுபவம். எங்களுக்குக் கிட்ட இருப்பது அந்த வகைதான் என்பது ஒரு வசதி.

எங்கே, எப்படிப் பிடித்தது என்றும் கேட்க வேண்டும். சந்தைக்கு வரும் ரீகல்களில் மிகப் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சுழியோடி இருக்கிறார். ஆழத்தில் அதிக நேரம் நின்றுவிட்டு வேகமாக மேலே வரும் சுழியோடிக்கு இரத்தத்தில் வாயுக் குமிழிகள் உண்டாகி, கைகால் விறைத்துப் போகவும் உயிர் போகவும் கூடும். மீனுக்கும் இதைப் போன்றதொரு நிலைதான்: வேகமாக மேலே கொண்டுவந்தால் காற்றுப்பை ஊதி உள்ளுறுப்பு நசியும். அப்படி நொந்த மீன் எங்கள் தொட்டியில் சாப்பிடாது. பவளத்தை உடைக்கும் மொக்சி வலை இலங்கையில் தடைசெய்யப்பட்டது. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் பிடிக்க முடியாது. போர்க்காலத்தில் எங்கள் சனத்துக்குக் கடல் எத்தனை வருடம் மூடிக் கிடந்தது என்பது தெரிந்த விடயம். திறந்த கடலில் முதலில் காலியாவது பாறையாக இருக்கக் கூடாது.

தொட்டி 400 லீற்றருக்குக் குறையக் கூடாது. ஆறு மாதமாவது ஓடிப் பழகிய தொட்டியாக இருக்க வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்ரீரியாக்கள் குடியேறவே நாலு தொடக்கம் ஆறு கிழமை பிடிக்கும். பழைய தொட்டியின் கற்களில் சிறு கடற்பஞ்சும் பாசியும் முளைத்திருக்கும். சாப்பாட்டு நேரங்களுக்கு இடையே கிள்ள அது உதவும். ஒளிப்பதற்குப் பொந்துகள் நிறைய வேண்டும். அதற்காகக் கடலில் பவளக்கல் பெயர்த்து எடுக்காதீர்கள், சட்டப்படி குற்றம். நிலத்துச் சுண்ணாம்புக்கல்லைத் தேய்த்துக் கழுவிப் போட்டால் போதும், பக்ரீரியா அதிலும் குடியேறும். கூடவே முரட்டு மீன்களை விடக்கூடாது. தீனியைப் பாய்ந்து பறிப்பவை இருந்தால் ரீகல் பொந்தை விட்டு வராது.

உப்பைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள்: ஆனையிறவு உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாதா? ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது கல்சியம் சேர்ந்தவை முதலில் படிந்து போகும். பின்னர் சோடியம் குளோரைட்டு படியும், அதைத்தான் அள்ளுகிறோம். மக்னீசியமும் பொற்றாசியமும் மிஞ்சிய கசப்பு நீரில் நின்று வெளியேற்றப்படும். அள்ளிய உப்பைத் திரும்பக் கரைத்தால் உப்புத்தண்ணீர் கிடைக்கும், கடல் கிடைக்காது. ஒன்றில் மீன்தொட்டிக்கென்று செய்த உப்பு வாங்க வேண்டும், அல்லது கடல்நீரே எடுக்க வேண்டும். கரையில் இருப்பவர்களுக்கு இரண்டாவது மலிவு. ஆனால் களப்பு நீர் வேண்டாம், வாய்க்கால் முகத்துவாரமும் வேண்டாம். கரையிலிருந்து தள்ளி, தெளிந்த நேரத்தில் எடுத்து, மூடி இருட்டில் இரண்டு கிழமை வைத்து, வடித்துப் பாவியுங்கள். மாரி மழையில் கரைக்கடலின் உப்பு குறைந்துவிடும். அடர்த்திமானியில் 1.025 வருகிறதா என்று பார்க்காமல் ஊற்ற வேண்டாம்.

தொட்டியில் வற்றுவது தண்ணீர் மட்டுமே, உப்பு அல்ல. ஆகவே வற்றிய அளவை நன்னீரால் நிரப்ப வேண்டும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் பசளையாலும் மலசலகூடக் குழிகளாலும் நைத்திரேற்று அதிகம் என்பது ஆய்வுகளில் கண்டறியப்பட்டது. நாம் குடிக்கவே யோசிக்கும் தண்ணீரை ரீகலுக்கு ஊற்றிப் பயனில்லை. மழைநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் பாவிக்கலாம்.

இந்த மீனுக்கு 24 தொடக்கம் 27 பாகை செல்சியஸ் நல்லது. எங்கள் பக்கத்து வீடுகளில் சித்திரை, வைகாசியில் தொட்டி 30 ஐத் தாண்டும். நீர் மட்டத்தின் மேல் சிறு மின்விசிறி ஒன்றை வீசவிட்டால் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஆனால் தண்ணீர் அதிகம் வற்றும்.

வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செப்பு மருந்தைத் தொட்டி முழுக்க ஊற்றுவது வழக்கம். ரீகல் செப்பை நன்றாகத் தாங்காது. புதிய மீன்கள் எல்லாவற்றையும் நாலு கிழமை வேறு தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு விடுவதே வழி.

மின்சாரம் கடைசிக் கேள்வி. தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுக்க ஒரு நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது மற்றவர்களை விடக் குறைவாகத்தான் திகைத்தோம். மீனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. பம்பி நின்றால் முதலில் குறைவது ஒட்சிசன். 30 பாகைக் கடல்நீர் லீற்றருக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராம்தான் பிடித்து வைத்திருக்கும். மீன்களும் பக்ரீரியாவும் அதைச் சில மணித்தியாலத்தில் குறைத்துவிடும். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பி ஒன்று வீட்டில் கட்டாயம். இல்லாதபோது குவளையால் தண்ணீரை அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினாலும் ஓரளவு சமாளிக்கலாம். மின்சாரம் இல்லாத நேரத்தில் தீனி போடக் கூடாது. சமிபாட்டுக்கும் கழிவுக்கும் ஒட்சிசன் செலவாகும். கொழுத்த ரீகல் ஒரு நாள் பட்டினியைத் தாங்கும். மெலிந்தது தாங்காது. கார்த்திகைக் காற்றில் கம்பிகள் அறுந்து விழத் தொடங்குவதற்கு முன்னர் அதன் முதுகுக் குழி நிரம்பியிருக்க வேண்டும். ஆகவே வாங்குவதென்றால் மாசி, பங்குனியில் வாங்குங்கள்.